ஓர் இறையியல் கல்லூரியின் கல்வி உதவி நிதி: ஆறு ஆண்டுகள் கொடுத்த பின் ஒரு மதிப்பீடு

இறையியல் கல்லூரி ஒன்றின் மாணவர் உதவி நிதிக்கு நானும் என் மனைவியும் ஆறு ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறோம். அந்த நிதி எவ்வாறு நடத்தப்படுகிறது, கொடுப்பவரிடமும் பெறுபவரிடமும் அது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைக் கொடுக்க எண்ணும் பிறருக்குப் பயன்படும் வகையில் எழுதிவைக்க விரும்புகிறேன். காணிக்கையைக் கொடுத்துவிட்டுப் பிறகு கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு என்று கருதும் நல்லவர்கள் சபைகளில் உண்டு. ஆனால் எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைப் பவுல் தம் ஒருவர் கையில் வைத்துக்கொள்ளவில்லை. தீத்துவோடு, சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட வேறொரு சகோதரரையும் சேர்த்து அனுப்பியதாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8 ஆம் அதிகாரத்தில் அவரே கூறுகிறார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது ஒருவரும் தங்கள்மீது குற்றம் சொல்ல இடம் கொடுக்கலாகாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமன்றி மனிதருக்கு முன்பாகவும் அது யோக்கியமாயிருக்க வேண்டும் என்பது அவர் சொல்லும் காரணம். அந்த அதிகாரத்தைப் படித்த பிறகு கணக்குக் கேட்பதில் எனக்குக் கூச்சம் இல்லை. குறைகளையும் சொல்லப்போவதால் கல்லூரியின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

கல்லூரியின் நன்கொடைப் படிவம் இரண்டே பக்கம்தான். கொடுப்பவருக்கு அதில் மூன்று வழிகள் உள்ளன. நிபந்தனை எதுவுமின்றிப் பொது நிதிக்குக் கொடுக்கலாம். அந்தப் பணம் ஆசிரியர் சம்பளம், நூலகம், மின்கட்டணம், கூரைப் பழுது என்று தேவைப்படும் இடத்துக்குப் போகும். நடப்பாண்டு உதவித்தொகைக்குக் கொடுக்கலாம். அது அந்தக் கல்வியாண்டுக்குள்ளேயே மாணவர்களுக்குச் செலவிடப்பட்டுவிடும். மூன்றாவது, எண்டோமென்ட் என்று அலுவலகங்களில் வழங்கும் நிரந்தர வைப்புநிதி; இதில் முதலைத் தொடாமல், அதன் வருவாயிலிருந்து மட்டும் ஆண்டுதோறும் மாணவருக்கு உதவி வழங்கப்படும்; மறைந்த பெற்றோரின் பெயரையோ, வழிகாட்டிய போதகரின் பெயரையோ அதற்குச் சூட்டலாம். இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் படிவமே ஒவ்வொரு பத்தியில் விளக்கிவிடுகிறது. இது பெரிய காரியமா என்று கேட்கலாம். வேறு சில நிறுவனங்களின் படிவங்களையும் நிரப்பியவன் என்ற முறையில், பெரிய காரியம்தான் என்று சொல்வேன். பல இடங்களில் ‘மாணவர் நலன்’ என்ற ஒரே சொல்லுக்குள் இந்த மூன்றும் அடங்கிப்போகின்றன. எதற்குக் கொடுத்தோம் என்பதே கொடுத்தவருக்குத் தெரிவதில்லை.

நிரந்தர வைப்புநிதியைப் பற்றி முதல் ஆண்டிலேயே அலுவலகத்தில் விசாரித்தேன். என் மாமனாரின் நினைவாக ஒன்றை ஏற்படுத்த வேண்டும் என்பது எங்கள் ஆசை. பதில் சொன்ன பொருளாளர், எங்களை அதன் பக்கம் இழுக்கவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். இத்தகைய நிதிகளிலிருந்து ஆண்டுக்கு 4 முதல் 5 விழுக்காடு வரை எடுப்பதே பொதுவான வழக்கம். அதற்கு மேல் எடுத்துக்கொண்டே போனால் விலைவாசி உயர்வில் முதல் தேய்ந்துவிடும். 4 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஒரு மாணவரின் ஓராண்டுச் செலவை நிரந்தரமாக ஏற்க அந்தச் செலவைப்போல் 25 மடங்கு தொகை முதலாகத் தேவை. அதே தொகையை நடப்பாண்டு உதவியாகப் பிரித்துக் கொடுத்தால், மூன்றாண்டுப் படிப்பில் எட்டு மாணவர்கள் சேர்ந்த நாள் முதல் பட்டம் பெறும் நாள் வரை படித்து முடிப்பார்கள். நூறு ஆண்டு கழித்தும் ஒருவர் படிக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு வைப்புநிதி சரி. இந்த ஆண்டு இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட முடியாமல் நிற்பவரை நினைப்பவருக்கு நடப்பாண்டு உதவி சரி. முடிவை உங்களிடமே விடுகிறோம் என்றார். பெயர்ப்பலகையைக் காட்டிப் பெரிய தொகை கேட்பது எளிதாயிருக்கும் இடத்தில் அவர் அப்படிப் பேசியது எங்களுக்கு மிகுந்த நம்பிக்கையைத் தந்தது. நாங்கள் நடப்பாண்டு உதவியையே தேர்ந்தெடுத்தோம்.

இந்த நிதியில் நான் மிக உயர்வாக மதிப்பது, பெறுகிற மாணவரின் மானத்தை அது காக்கும் விதத்தை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இதற்கு முன்பு வேறொரு நிறுவனத்தின் வழியாக நாங்கள் ஒரு மாணவருக்கு ‘ஸ்பான்சர்’ ஆக இருந்தோம். அவருடைய புகைப்படம், குடும்ப விவரம், எப்படி மனந்திரும்பினார் என்ற சாட்சி எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தன. ஆண்டுக்கு இரண்டு முறை அவர் எங்களுக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்பது விதி. கடிதங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. எங்களைத் தம் பெற்றோருக்கு மேலாக அவர் எழுதியிருந்தார். ஒருமுறை அவரை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தார்கள். என்னைவிடப் பத்து வயதுதான் இளையவர்; உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எபிரெய மொழிப் பாடம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். நன்றி ஐயா என்று பதில் சொன்னார். அன்றிரவு என் மனைவி, நாம் இந்த மனிதருக்கு உதவி செய்கிறோமா, இவரை விலைக்கு வாங்குகிறோமா என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

மருத்துவமோ பொறியியலோ படிக்கும் மாணவருக்கு உதவுவதிலும் இந்தக் கூச்சம் உண்டு. இறையியல் மாணவரிடத்தில் அது இன்னும் ஆழமானது. நாளை அவர் பிரசங்க மேடையில் நிற்பார். கொடுத்தவரோ, கொடுத்தவரின் உறவினரோ கீழே உட்கார்ந்திருப்பார்கள். பொன் மோதிரம் அணிந்து வருகிறவருக்கு நல்ல இடத்தைக் கொடுத்து, ஏழையை ஒதுக்கி நிறுத்தும் சபையை யாக்கோபு தம் நிருபத்தின் 2 ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். அந்த வசனத்தைப் பொன் மோதிரக்காரரின் பணத்தில் படித்ததாக ஆறு ஆண்டுகள் எழுதிக்கொடுத்த ஒருவர், அதே மோதிரக்காரருக்கு முன்னால் நின்று பிரசங்கிக்கத் துணிவாரா? துணிவார் என்று நான் விரும்பலாம். ஆனால் அந்தத் துணிவைக் குறைக்கும் ஏற்பாட்டில் நான் பங்குபெறக் கூடாது.

இப்போது நாங்கள் கொடுக்கும் கல்லூரியில் எந்த மாணவருக்கு எங்கள் பணம் போகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. எங்கள் பெயர் அவருக்கும் தெரியாது. விண்ணப்பங்களைப் பரிசீலிக்க ஒரு குழு இருக்கிறது. அதில் ஆசிரியர் இருவர், நிதி அலுவலகத்திலிருந்து ஒருவர், கல்லூரிக்கு வெளியிலிருந்து ஒருவர். நன்கொடையாளர் எவரும் அதில் உட்கார முடியாது. தேவையை முதலில் பார்க்கிறார்கள். மதிப்பெண்ணுக்கென்று தனியாகச் சிறு பரிசுத்தொகைகள் இருக்கின்றன, இரண்டையும் கலப்பதில்லை. ஆண்டிறுதியில் எங்களுக்கு வரும் அறிக்கையில், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, கேட்டதில் எவ்வளவு பங்கு கொடுக்க முடிந்தது என்பன மட்டுமே இருக்கும். நன்றிக் கடிதத்தை முதல்வர் எழுதுகிறார்; மாணவரை எழுதச் சொல்வதில்லை. தர்மம் செய்யும்போது வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற போதனையை நிர்வாக விதியாக எழுதினால் இப்படித்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

முகம் தெரியாமல் கொடுப்பது பலருக்குக் கடினம் என்பதை அறிவேன். ஒரு குறிப்பிட்ட இளைஞருக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும் என்ற ஆசை தூய்மையானது. அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. முகம் தெரியாத மாணவருக்காக மனமுவந்து கொடுத்த மரபு ஒன்றும் இருக்கிறது. 1889 இல், ஜப்பானின் நாகசாகி ஆயராக இருந்த கூசேன், குருத்துவத்துக்கு வந்த இளைஞர்களைப் பணமில்லாததால் திருப்பி அனுப்ப நேர்வதாகப் பிரான்சுக்குக் கடிதம் எழுதினார். கான் நகரில் வாழ்ந்த ழான் பிகார் என்ற பெண்மணியும் அவருடைய தாயாரும் அந்தக் கடிதத்தைக் கையிலெடுத்துத் தொடங்கிய உதவிப் பணியே புனித பேதுரு சங்கமாக வளர்ந்தது. 1922 இல் திருத்தந்தையின் நேரடி ஆதரவில் இயங்கும் சங்கமாக அது உயர்த்தப்பட்டது. தாம் சந்திக்கவே போவதில்லை என்று அறிந்திருந்த குருமாணவர்களுக்காகவே அந்த இரு பெண்களும் உழைத்தார்கள்.

உதவித்தொகை எதற்கெல்லாம் கிடைக்கிறது என்பதிலும் இந்தக் கல்லூரி நன்றாகவே யோசித்திருக்கிறது. கல்விக்கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்துவிட்டு, மாணவருக்கு இலவசக் கல்வி அளித்துவிட்டோம் என்று சொல்வது எளிது. உண்மையில் கட்டணத்துக்கு வெளியேதான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். விடுதியும் சாப்பாடும், கிரேக்க எபிரெய அகராதிகள், வாரயிறுதி ஊழியப் பயிற்சிக்காகத் தொலைவிலுள்ள சபைக்குப் போய்வரும் செலவு, ஆய்வேட்டை அச்சிட்டுக் கட்டும் செலவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இறையியல் படிக்க வருபவர்களில் கணிசமானோர் திருமணமானவர்கள். வேலையை விட்டுவிட்டு மனைவி மக்களோடு வருகிறவர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அதற்கு எந்த உதவித்தொகைத் தலைப்பிலும் இடமிருக்காது. இந்தக் கல்லூரி மொத்த உதவி நிதியில் ஒரு சிறு பங்கை அவசரத் தேவைக்கென்று ஒதுக்கி, முதல்வரும் விடுதிக் காப்பாளரும் சேர்ந்து இரண்டு நாட்களுக்குள் வழங்க அதிகாரம் கொடுத்திருக்கிறது. அளவில் சிறியதான இந்தப் பங்கு இல்லாதிருந்தால், முழுக் கட்டணச் சலுகை பெற்றவரும் நடு ஆண்டில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார். கணவரோடு வரும் மனைவியும் படிக்க விரும்பினால் அவர் தனியாக விண்ணப்பிக்கலாம் என்பதையும் பாராட்ட வேண்டும். பல இடங்களில் அவர் ‘மாணவரின் குடும்பம்’ என்ற கணக்கிலேயே அடங்கிவிடுகிறார்.

உதவியைக் கடனாகக் கொடுக்காததையும் நான் நன்மையாகவே எண்ணுகிறேன். இது புதிய விவாதமல்ல. ஊழியத்துக்குப் படிக்கும் ஏழை இளைஞர்களுக்கு உதவ 1815 இல் பாஸ்டனில் தொடங்கப்பட்ட அமெரிக்கக் கல்விச் சங்கம், 1820களில் தன் உதவியைக் கடனாக மாற்றியது. பெற்றதைத் திருப்பிக் கொடுப்பது பொறுப்புணர்வை வளர்க்கும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் போதகரின் சம்பளம் கடனை அடைக்கும் அளவுக்கு இருப்பது அரிது. கடனோடு பட்டம் பெறுகிறவர் சிறிய சபையின் அழைப்பை ஏற்கத் தயங்குவார். ஏழைச் சபைக்குப் போக வேண்டியவரைக் கடன் வசதியுள்ள சபைக்குத் திருப்பிவிடும். எங்கள் கல்லூரியில் அதற்குப் பதிலாக மாணவர்கள் வாரத்தில் சில மணி நேரம் நூலகத்திலோ தோட்டத்திலோ வேலை செய்கிறார்கள். உதவித்தொகை பெறாதவர்களும் செய்கிறார்கள் என்பதால், யார் பெறுகிறார் என்பது வேலையைப் பார்த்துத் தெரிவதில்லை.

குறைகளுக்கு வருகிறேன். அறிக்கைகள் தாமதமாக வருகின்றன. இரண்டாம் ஆண்டில் கணக்கு வந்து சேர்வதற்கு முன்பே, அடுத்த ஆண்டுக்கான தொகையை உயர்த்தித் தர வேண்டும் என்ற வேண்டுகோள் கடிதம் வந்துவிட்டது. நாங்கள் வருந்தி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. மூன்றாம் ஆண்டில் சரியாக இருந்தது. நான்காம் ஆண்டில் மறுபடியும் ஏழு மாதம் தாமதம். தணிக்கை முடியவில்லை என்பது காரணம். ஆனால் தணிக்கைக்கு முந்திய கணக்கு என்று தலைப்பிட்டு, மாணவர் எண்ணிக்கையையும் தொகையையும் தெரிவிக்க என்ன தடை? 1563 ஜூலையில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம், குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடம் ஒன்றை மறைமாவட்டந்தோறும் ஏற்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டபோது, ஏழைகளின் பிள்ளைகளையே சிறப்பாகத் தெரிந்தெடுக்க விரும்பியது. பணக்காரரின் பிள்ளைகளை விலக்கவில்லை, ஆனால் அவர்கள் தங்கள் சொந்தச் செலவில் படிக்க வேண்டும் என்றது. அந்த ஏழைகளுக்கான செலவுக்கு ஆயரின் வருவாயிலிருந்தே ஒரு பங்கை எடுக்கச் சொன்ன அதே ஆணை, குருமடத்தின் கணக்கை ஆண்டுதோறும், குருக்களின் பிரதிநிதிகள் நால்வர் முன்னிலையில், ஆயர் பெற வேண்டும் என்றும் விதித்தது. ஏறத்தாழ 460 ஆண்டுகளுக்கு முன், கையால் எழுதிய பேரேடுகளைக் கொண்டு ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க முடியும் என்று எதிர்பார்த்தார்கள் என்றால், இன்று அதை எதிர்பார்ப்பதில் தவறில்லை.

இதைவிடப் பெரிய குறை, படிவத்தின் அடியில் உள்ள ஒரு வாக்கியம். ‘நிர்வாகக் குழு தேவை எனக் கருதினால் நன்கொடையை வேறு நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம்’ என்கிறது அது. கல்லூரி நடத்துகிறவர்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. மாணவர் உதவிக்கு மனமிரங்கிக் கொடுப்பவர்கள் ஆசிரியர் சம்பளத்துக்குக் கொடுப்பதில்லை. உதவித்தொகை நிறைய இருந்தும் கற்பிக்க ஆளில்லாத கல்லூரியால் பயனில்லை. அதனால்தான் எங்கள் நன்கொடையில் மூன்றில் ஒரு பங்கை நாங்கள் நிபந்தனையின்றிப் பொது நிதிக்கே கொடுக்கிறோம், மற்றவர்களையும் அப்படியே கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒரு நோக்கத்துக்கென்று பெற்றதை வேறொன்றுக்கு மாற்ற வேண்டுமானால், கொடுத்தவரிடம் கேட்க வேண்டும். அவர் உயிரோடு இல்லையெனில், எந்த நோக்கத்துக்கு மாற்றலாம் என்பது முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஊழியர்களை உருவாக்கும் நோக்கமும் கொண்டு 1636 இல் நிறுவப்பட்ட ஹார்வர்டு கல்லூரிக்கு, 1643 இல் லண்டனைச் சேர்ந்த ஆன் ராட்கிளிஃப் என்னும் மௌல்சன் சீமாட்டி 100 பவுண்டு கொடுத்தார். ஏழை மாணவர் ஒருவருக்கு அதன் ஆண்டு வருவாய் செல்ல வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அக்கல்லூரியின் முதல் உதவித்தொகை நிதி அதுவே. காலப்போக்கில் அந்தப் பணம் பொதுக் கணக்கில் கலந்துபோய், கொடுத்தவரின் நோக்கம் நெடுங்காலம் நினைவிலிருந்து மறைந்துவிட்டது; 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அதைத் தேடி எடுத்தார்கள். யாரும் திருடவில்லை. ஆண்டுதோறும் கேட்க ஒருவர் இல்லாததும், தனிக் கணக்கு இல்லாததுமே அதற்குப் போதுமானதாக இருந்தன. நான் அந்த வாக்கியத்தைச் சுட்டிக்காட்டி எழுதிய கடிதம் நிர்வாகக் குழுவின் கூட்டத்தில் வைக்கப்பட்டதாகப் பொருளாளர் தெரிவித்தார். வாக்கியம் இன்னும் அப்படியே இருக்கிறது.

நிதி திரட்டும் விழாக்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆண்டுக்கு ஒரு கூட்டம் நடக்கிறது. பாடகர் குழு பாடுகிறது, முதல்வர் பேசுகிறார், உறைகள் வழங்கப்படுகின்றன. கொடுத்தவர்களின் தொகையை மேடையில் வாசிக்கும் பழக்கம் முன்பு இருந்ததாம். இப்போது பெயர்களை மட்டும் அகரவரிசையில் அச்சிடுகிறார்கள், வேண்டாம் என்பவர் பெயரை விட்டுவிடுகிறார்கள். காணிக்கைப் பெட்டியருகே உட்கார்ந்து ஏழை விதவை போட்ட இரண்டு காசைக் கவனித்தவரைப் பின்பற்றும் இடத்தில் இந்த மாற்றம் எப்போதோ வந்திருக்க வேண்டியது. ரசீது மறுநாளே வந்துவிடுகிறது. தொலைபேசியில் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். தெரியாததைக் கேட்டுச் சொல்கிறோம் என்று சொல்லி, உண்மையாகவே கேட்டுச் சொல்கிறார்கள்.

இந்த நிதியை யாருக்குப் பரிந்துரைப்பேன்? தம் பணத்தில் படித்தவர் எந்தச் சபையில் இருக்கிறார் என்று அறிய விரும்புகிறவருக்கு இது மனநிறைவு தராது; வேறு இடம் பார்ப்பதே நல்லது. ஒரு தலைமுறை ஊழியர்கள் கடனில்லாமலும், யாருக்கும் கைகட்டி நிற்காமலும் வெளியே வர வேண்டும் என்று விரும்புகிறவர் தயங்காமல் கொடுக்கலாம், நடப்பாண்டு உதவிக்கு. கொடுக்கும் முன்பு படிவத்தின் அடியிலுள்ள வாக்கியத்தைப் பற்றி எழுத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். பலர் கேட்டால் அது மாறும். சென்ற ஆண்டின் கணக்கையும் கேட்டு வாங்குங்கள்.

எங்களைப் பொறுத்தவரை, இன்னும் மூன்று ஆண்டுகளுக்குக் கொடுப்பதாகச் சென்ற மாதம் எழுதிக்கொடுத்துவிட்டோம். இப்போது சேர்கிற ஒருவர் படித்து முடிக்கும் காலம் அது. அவசரத் தேவைப் பங்குக்கென்று இம்முறை சற்றுக் கூட்டியிருக்கிறோம். மாமனாரின் பெயரில் வைப்புநிதி ஏற்படுத்தும் எண்ணம் இன்னும் இருக்கிறது. அதற்கான தொகையைத் தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறோம். நோக்கம் மாற்றும் விதியை நிர்வாகக் குழு திருத்தி எழுதிய அன்று அதைக் கொண்டுபோய்க் கொடுப்போம் என்று பொருளாளரிடம் சொல்லியிருக்கிறேன்.